இரண்டு பெட்டிகளுக்கு நடுவே

ஊசி தானாக எழும்பி, தன் இடத்தில் போய்ப் படுத்த பிறகும் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

ஒரே ஓர் இழுப்பு. பாட்டுக்காரர்கள் அடுத்த வரிக்கு முன்னால் நெஞ்சை நிரப்பிக்கொள்வார்களே, அந்த மாதிரி. ஆனால் அது வெறும் வீணை இசைத்தட்டு. பாடுவதற்கு அதில் ஆளே கிடையாது. டாக்டர் குமரகுருபரன் கண்ணைத் திறந்தார். தட்டு சுற்றி ஓய்ந்திருந்தது. ஆம்ப்ளிஃபயரில் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. தொண்ணூற்று நாலாம் வருஷத்து மே மாதம், மத்தியானம் மூன்று மணி. பெருமாள்புரம் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தது.

"பாலம்மா, திரைக்குப் பின்னால யாரு நிக்கது?"

"நான் அடுக்களையில கெடக்கேன்," என்று உள்ளிருந்து பதில் வந்தது. "உங்க சன்னதிக்குள்ள காலெடுத்து வைக்க இந்த வீட்டுல யாருக்குத் தைரியம் இருக்கு?"

அவர் மனைவி பாலம்மாள் சொன்னதில் பொய் இல்லை. ஒன்றரைக்குக் கிளினிக்கைப் பூட்டிவிட்டு வந்து, சாப்பிட்டு, இரண்டிலிருந்து நாலுவரைக்கும் டாக்டர் ஹாலில் உட்கார்ந்துவிட்டால் வீட்டில் மிக்ஸி ஓடக்கூடாது, குழாயைத் திறக்கக்கூடாது. காற்றாடியைக்கூட அணைத்துவிட்டு வேர்த்து வடிய உட்கார்ந்திருப்பார். ராத்திரியில் கேட்கலாமே என்றால் அப்போது வோல்டேஜ் படுத்துவிடும். தொண்டை கட்டின ஆள் பாடுகிற மாதிரி இருக்கிறது என்று முகத்தைச் சுளிப்பார். ஆகவே வெயில் நேரம்தான் அவருக்குப் பூஜை நேரம். பாளையங்கோட்டையில் காது மூக்கு தொண்டைக்கு அவர் கைராசிக்காரர் என்று பெயர். கைராசியைவிடச் சந்தேகம் அதிகம். நோயாளி சொல்வதை நம்ப மாட்டார், நர்ஸ் எழுதி வைத்ததை நம்ப மாட்டார், பால்காரர் ஊற்றுகிற படியை நம்ப மாட்டார். அவர் நம்புவது தன்னுடைய இரண்டு காதுகளை மட்டும்.

அந்தக் காதுகளுக்குத் தீனியாகத்தான் தை மாதம் இந்த ஸ்பீக்கர் பெட்டிகள் வந்து சேர்ந்தன. தரையில் நிற்கிற ஜாதி, நெஞ்சளவு உயரம். ஒன்றை நகர்த்த மூன்று ஆள் வேண்டும். மினுமினுக்கிற வால்நட் மரம், முகத்தில் பழுப்புத் துணி, துணிக்குப் பின்னால் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு காகிதக் கூம்பு. முப்பது வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் செய்தவை. கப்பலில் வயர்லெஸ் ஆபீசராக இருந்த அப்பாத்துரை லண்டனில் வாங்கிக் கப்பலிலேயே கொண்டுவந்து இறக்கியது. விற்றது அவர் மனைவி பியூலா டீச்சர். "அவுகளுக்கு இப்ப கேக்க ஒண்ணுமில்ல டாக்டர்" என்று அந்த அம்மாள் சொன்னபோது, மனிதர் காலமாகிவிட்டார் போலிருக்கிறது என்று இவரே முடிவு கட்டிக்கொண்டு தலையைக் குனிந்து வருத்தம் தெரிவித்தார். டீச்சரும் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை.

இம்மாதிரிப் பெட்டி வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு கிறுக்கு உண்டு. இரண்டு பெட்டிக்கும் நாற்காலிக்கும் தூரம் சரியாக விழுந்துவிட்டால், சத்தம் பெட்டியிலிருந்து வருவதே தெரியாது. இரண்டுக்கும் நடுவே, ஒன்றுமில்லாத இடத்தில், ஆள் உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி இருக்கும். இங்கே வீணையின் குடம், இங்கே விரல் என்று தொட்டுக் காட்டிவிடலாம். அதற்காக டாக்டர் டேப் பிடித்து அளந்து, சிவப்புச் சிமெண்டுத் தரையில் பென்சில் கோடு போட்டு, மூன்று மாசமாகப் பெட்டிகளை விரல்கடை விரல்கடையாக நகர்த்தியிருந்தார். எதிரொலி அடங்க முதுகுச் சுவரில் ஜமுக்காளம் தொங்கியது. பெட்டிகளுக்கு நடுவே பத்தமடைப் பாய். கண்ணை மூடினால் அந்தப் பாயில் ஆள் வந்து உட்காரும். கண்ணைத் திறந்தால் வெறும் பாய்தான்.

மூச்சும் அந்தப் பாயின்மேல் இருந்துதான் வந்தது.

மறுநாள் வேறு தட்டு போட்டார். நாதஸ்வரம். அது முடிந்ததும் வந்தது. அதற்கடுத்த நாள் தட்டே போடவில்லை. ஆம்ப்ளிஃபயரை மட்டும் ஏற்றிவிட்டு, கண்ணை மூடிக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கால் மணி நேரம் ஒன்றுமில்லை. தெருக்கோடியில் ஒரு சைக்கிள் போயிற்று, பின்கட்டில் பாலம்மாள் புரண்டு படுத்தாள், சுவர்க்கடிகாரம் தன் பாட்டுக்கு நடந்தது. பிறகு, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தால் வாய் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்திலிருந்து, பைய ஓர் இழுப்பு. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. டாக்டர் எண்ணினார். பதினொன்று. பதினொன்றும் உள்ளே இழுக்கிற மூச்சு. வெளியே விடுகிற மூச்சு ஒன்றுகூட இல்லை. நாளைக்கு ஐம்பது பேர் மூக்கையும் தொண்டையையும் பார்க்கிற மனிதருக்கு, அப்படி ஒரு நெஞ்சு உலகத்தில் கிடையாது என்று யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

யாரோ தன்னை ஏய்க்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தார். பயப்படத் தெரியாதவர்களுக்குச் சந்தேகம் முந்திக்கொண்டு வரும். அன்று சாயங்காலம் கிளினிக்கில் தன் காதையே மெஷினில் வைத்துப் பரிசோதித்துக்கொண்டார். நாற்பத்தொன்பது வயதுக்குக் குறை சொல்ல முடியாத காது. அடுத்த சந்தேகம் மகள்மேல் விழுந்தது.

சுகிர்தாவுக்கு ஏழு வயது. பதின்மூன்று வருஷம் கோயில் கோயிலாக அலைந்து, இனி இல்லை என்று புருஷனும் பெண்டாட்டியும் அந்தப் பேச்சையே நிறுத்திக்கொண்ட பிறகு பிறந்த ஒரே பிள்ளை. மூக்குக்குப் பின்னால் சதை வளர்ந்து, வாயைத் திறந்துதான் மூச்சு விடும். தூங்கினால் குறட்டை அடுத்த வீட்டுக்குக் கேட்கும். ஊர்ப்பிள்ளைகளுக்கு அதே சதையை இருபது நிமிஷத்தில் எடுத்துப் போடுகிற கை, தன் பிள்ளை என்றதும் நடுங்கியது. மதுரையில் கூடப் படித்தவரிடம் காட்டலாம், ஜூன் பிறக்கட்டும், பள்ளிக்கூடம் திறக்கட்டும் என்று இரண்டு வருஷமாகத் தள்ளிக்கொண்டே வந்தார். இன்னொன்றும் உண்டு. அதை நினைத்தால் அவருக்கே வெட்கமாக இருக்கும். அந்த மூச்சுச் சத்தம் தன் இசைக்கு இடைஞ்சல் என்று, மத்தியானமானால் பிள்ளையைப் பின்கட்டு அறைக்குத் துரத்திவிடுவார்.

போய்ப் பார்த்தார். பிள்ளை வாயைப் பிளந்துகொண்டு தூங்கினாள். இழுக்கும்போது கொர், விடும்போது கொர், இடது மூக்கில் சின்னதாக ஒரு விசில். ஹாலில் கேட்டது இது இல்லை.

மிச்சம் இருந்தது ரேடியோ மெக்கானிக் மதார். போன மாசம் ஆம்ப்ளிஃபயரைத் திறந்து ஏதோ மாற்றியது அவர்தான். மேலப்பாளையத்திலிருந்து வரவழைத்து, வாசற்படியிலேயே பிடித்துக்கொண்டார் டாக்டர்.

"என்ன வே மதாரு, உள்ள என்னத்த மாட்டி வச்சிருக்கீரு?"

"அல்லா காக்கணும். பழைய கண்டென்சரக் கழட்டிப் புதுசு போட்டேன். வேற தொடவே இல்ல."

பெட்டிகளின் முதுகைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார் மதார். பஞ்சு, வயர், காந்தம். குறை ஒன்றுமில்லை. "சும்மா ஒரு நாழி அந்த நாற்காலியில உக்காரும்" என்றார் டாக்டர். மதார் உட்கார்ந்தார், சிரித்த முகமாகத்தான். கொஞ்ச நேரத்தில் சிரிப்பைக் காணோம். கை மயிர் குத்திட்டு நிற்பது டாக்டருக்கே தெரிந்தது. எழுந்தவர், திருப்புளியைத் தேடி எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"டாக்டரே, ஸ்பீக்கரும் மைக்கும் ஒரே சங்கதிதான், உங்களுக்குத் தெரியாததில்ல. இந்தக் கூம்பு ஆடுனா சத்தம் வரும். சத்தம் வந்து பட்டா இந்தக் கூம்பு ஆடும். ரெண்டு பக்கமும் போகும், வரும்."

"அதுக்கு?"

"ஊர்ல எல்லாப் பெட்டியும் நமக்குப் பாடும். இது நம்மளக் கேட்டுக்கிட்டு இருக்கு. நான் வாறேன்."

டீத் தண்ணிகூடக் குடிக்காமல் போய்விட்டார். டாக்டருக்கு ஆத்திரமாக வந்தது. பெட்டிமேல் இவனுக்கு ஒரு கண். பயங்காட்டிவிட்டால் நான் கொடுத்துவிடுவேன் என்று பார்க்கிறான். அப்படித்தான் நினைத்தார் அந்த மனுஷன். நினைத்ததோடு நின்றிருக்கலாம்.

மெடிக்கல் காலேஜில் வகுப்பெடுக்கப் போகும்போது மாணவர்களுக்கு அவர் அடிக்கடி சொல்லுகிற பாடம் ஒன்று உண்டு. ஒரு சத்தத்தை அடையாளம் தெரியவில்லையா, தெரிந்த சத்தத்தைக் கொண்டுபோய் அதே இடத்தில் வை. இரண்டையும் ஒத்துப் பார். ட்யூனிங் ஃபோர்க்கைக் காதுக்கு முன்னால் வைத்து, பின்னால் வைத்து, எங்கே ஓங்கிக் கேட்கிறது என்று கேட்பதெல்லாம் அந்த வித்தைதான். மறுநாள் மத்தியானம் சுகிர்தாவைக் கையைப் பிடித்து ஹாலுக்குள் அழைத்து வந்தார். பிள்ளைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்பாவின் ஹாலுக்குள் அப்பாவே கூப்பிட்டு வந்தது அதுதான் முதல் தடவை.

"இங்கனயாப்பா உக்காரணும்?"

"இன்னும் கொஞ்சம் முன்னால வா. ஆங், அங்கனதான். ஆடாம இரு. வாயத் தொறந்து மூச்சு விடு."

பாயில் அந்த இடத்தைத் துல்லியமாகப் பார்த்து, தோளைப் பிடித்துத் திருப்பி, பிள்ளையின் வாய் அந்த உயரத்துக்கு வருகிறதா என்று குனிந்து பார்த்து உட்கார வைத்தார். பிறகு நாற்காலிக்குப் போய்க் கண்ணை மூடிக்கொண்டார். முதலில் மகளின் மூச்சு மட்டும். கொர், விசில், கொர். அப்புறம் அதே இடத்தில் மற்றது. இரண்டு மூச்சு, ஒரே வாயிலிருந்து வருகிற மாதிரி, ஒன்றன்மேல் ஒன்று விலகி விலகிப் போயிற்று. போகப்போக விலகல் குறைந்தது. கடைசியில் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தன. மற்றது நின்றுவிட்டது.

அட, இவ்வளவுதானா! பின்கட்டிலிருந்து இவள் விடுகிற மூச்சுதான் ஏதோ மூலையில் மோதி இங்கே வந்து விழுந்திருக்கிறது. டாக்டருக்கு அப்பாடா என்றிருந்தது. பிள்ளையைத் தூக்கி முத்தம் கொடுத்து, ஐஸ் வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் விடியற்காலையில் பாலம்மாள் அவரை உலுக்கி எழுப்பினாள். "ஏங்க, இங்க வந்து பாருங்களேன்!" சுகிர்தா வாயை மூடிக்கொண்டு தூங்கினாள். குறட்டை இல்லை. விசில் இல்லை. பாலம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "காந்திமதித் தாயி, நீ இருக்கடி அம்மா," என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். டாக்டருக்கும் உள்ளே உருகத்தான் செய்தது. ஆனாலும் பிறவிக் குணம் விடுமா? குளிர்ந்த எஃகுத் தகட்டை எடுத்துப் பிள்ளையின் மூக்குக்குக் கீழே பிடித்தார். மூச்சுப் படுகிற இடத்தில் ஆவி படியும், அடைப்பு இருந்தால் படியாது. அந்தத் தகட்டில் இரண்டு பக்கமும் ஆவி படிந்தது. சரி. பிள்ளை விழித்ததும் சின்னக் கண்ணாடியைத் தொண்டைக்குள் விட்டுப் பார்த்தார். சதை அப்படியே இருந்தது. முன்பிருந்த அதே அளவு, அதே அடைப்பு. அடைத்த வழியில் மூச்சு சத்தமில்லாமல் எப்படிப் போகும்? இந்தக் கேள்வியை அவர் பாலம்மாளிடம் சொல்லவில்லை.

அன்று மத்தியானம் நாற்காலியில் உட்கார்ந்து ஆம்ப்ளிஃபயரைப் போட்டார். பாயின்மேல் மூச்சு வந்தது. இழுப்பு மட்டும். இப்போது அதில் இடது பக்கம் சின்னதாக ஒரு விசில்.

அவர் எழுந்துபோய்ப் பின்கட்டில் பார்த்தார். சுகிர்தா வாயை மூடி, சத்தமே இல்லாமல் தூங்கினாள்.

அந்த வாரம் வீட்டில் எல்லாருக்கும் நல்ல வாரம், டாக்டரைத் தவிர. "பிள்ள எவ்வளவு அடங்கிட்டா பாருங்க. இருக்குத இடம் தெரியல" என்று பாலம்மாள் பூரித்துப் போனாள். இடம் தெரியவில்லை என்பதுதான் டாக்டரின் பயம். பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்; திரும்பினால் பிள்ளை முழங்கை உரசி நிற்பாள். வந்த காலடி கேட்டிருக்காது. காலில் கொலுசு கிடந்தது, நிறையச் சலங்கை கோத்த கொலுசு. கயிறு தாண்டிக் குதித்தாள். சலங்கைகள் குலுங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. காதுக்கு ஒன்றுமில்லை. சலங்கைக்குள் இருக்கிற மணியை யாரோ பிடுங்கிவிட்டார்கள் என்று பாலம்மாள்மேல் பாய்ந்தார். "எனக்கு வேற சோலி இல்லையாக்கும்" என்று அவள் முறைத்தாள். கொலுசைக் கழற்றித் தன் கையில் வைத்து ஆட்டிப் பார்த்தார். கலகலவென்று கேட்டது. மறுபடி பிள்ளையின் காலில் பூட்டினார். பேச்சு மூச்சில்லை.

அன்று மத்தியானம் பாயின்மேல், ரொம்ப ஆழத்தில், கொலுசு நடந்தது.

சந்தேகப்பட இனி யார் மிச்சம்? தன் புத்தியைச் சந்தேகப்பட்டார். அதற்கும் ஒரு சோதனை வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளைக் குறுக்குத்துறைக்குக் குளிக்கக் கூட்டிப்போனார். தாமிரபரணியில் கோடைத் தண்ணீர், பெரியவர்களுக்கு இடுப்பளவு. படித்துறையில் பத்துப் பதினைந்து பிள்ளைகள் கும்மாளம். ஒவ்வொன்றாகக் கல்லிலிருந்து குதிக்க, தொபுக், தொபுக் என்று ஆறு பதில் சொல்லிக்கொண்டிருந்தது. துணி துவைக்கிற சத்தம், மருத மரத்தில் காக்காய், யாரோ ஒருத்தர் தொண்டையைக் காறுகிற சத்தம், எல்லாம் துல்லியமாகக் கேட்டது. சுகிர்தா கல்லில் ஏறி நின்று அவரைப் பார்த்துச் சிரித்தாள். குதித்தாள். தண்ணீர் ஆள் உயரத்துக்கு எழும்பி வட்டமாக விழுந்தது.

சத்தம் இல்லை.

பக்கத்தில் நின்ற பையன் முகத்தில் தண்ணீர் தெறித்து அவன் அலறினான். அலறல் கேட்டது. தண்ணீர் கேட்கவில்லை. டாக்டர் வேட்டியோடு இறங்கிப் பிள்ளையை வாரித் தூக்கிக்கொண்டு கரையேறினார். இடுப்பில் இருந்த பிள்ளை கனமாக, சூடாக, எப்போதும் போலத்தான் இருந்தாள். "ஏம்ப்பா அழுவுதீங்க?" என்று கேட்டாள். அந்தக் குரல் மட்டும் இன்னும் அவளிடம் இருந்தது. கொஞ்சம் தூரத்திலிருந்து வந்தது.

பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு, ஈர வேட்டியை மாற்றி, பயத்தில் கழுத்தில் எதற்கென்றே தெரியாமல் ஸ்டெதாஸ்கோப்பையும் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தார். முருகன்குறிச்சியில் பியூலா டீச்சர் வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. கூடத்தில் மேஜைக்கு முன்னால் மெலிந்த மனிதர் ஒருவர் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். பீங்கான் கோப்பை, எவர்சில்வர் கரண்டி. கரண்டி கோப்பையில் இடித்தது, இடித்தது. சத்தமில்லை. புரையேறி, தோள் குலுங்கக் குலுங்க இருமினார். அதற்கும் சத்தமில்லை.

"அவுகதான்," என்றாள் பியூலா டீச்சர், கதவோரம் நின்றபடி. "அப்பாத்துரை. செத்துட்டாகன்னு நான் ஒங்ககிட்டச் சொல்லல டாக்டர்."

"எத்தன வருஷமா இப்படி?"

"எட்டு. மொதல்ல இருமல் போச்சு. அப்புறம் நடை. கடைசியா பேச்சு. எல்லாம் பெட்டிக்குள்ளேர்ந்து கேக்கும். கிறுக்குப் பிடிச்சு, ஒரு நாள் வயரப் பிடுங்கிப் போட்டேன். அதுதான் நான் செஞ்ச பாவம். அதோட அந்தச் சத்தமும் நின்னுபோச்சு. அதுவரைக்கும் எம் புருசன்னு சொல்லிக்க ஒரு குரலாவது இருந்துச்சு."

"பெறவு எதுக்கு அத என் தலையில கட்டுனீங்க?" டாக்டர் கத்தினார். "எனக்குப் பிள்ள இருக்கும்மா!"

"நீங்க காது டாக்டர்," என்றாள் அவள். "ஒங்களுக்குத் தெரியும், நீங்களாவது வெளிய எடுத்துருவீங்கன்னு நெனச்சேன். ஆண்டவர் சாட்சியா அப்படித்தான் நெனச்சேன்."

அப்பாத்துரை எழுந்து வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார். உதடுகள் அசைந்தன. செவிடர்களோடு இருபது வருஷம் பழகிய டாக்டருக்கு உதட்டைப் படிக்கத் தெரியும். இன்னும் இழுக்கு. இன்னும் இழுக்கு. இன்னும் இழுக்கு. அந்தப் பெட்டி இன்னும் தன்னை இழுக்கிறது என்று அதையேதான் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

டாக்டர் கையை உதறிக்கொண்டு ஓடினார்.

வீட்டுக்கு வந்தபோது மணி இரண்டரை. தெருவில் ஒரு ஈ காக்காய் இல்லை. வெயில் தார் ரோட்டில் நெளிந்தது. வழியெல்லாம் ஒரே கணக்குதான் மண்டைக்குள். வயரைப் பிடுங்கினால் போய்விடும். பிடுங்காவிட்டால் இழுத்துக்கொண்டே இருக்கும். எதைச் செய்தால் என் பிள்ளை எனக்குத் திரும்பக் கிடைப்பாள்? யாராவது சொல்லுங்களேன், என் உயிரை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று நெல்லையப்பரையும் காந்திமதியையும் மதாரின் அல்லாவையும் பியூலா டீச்சரின் ஆண்டவரையும் ஒருசேரக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டார். உள்ளே காற்றாடி நின்றிருந்தது. ஃபிரிட்ஜின் முனகல் இல்லை. கரண்ட் போயிருந்தது.

ஆம்ப்ளிஃபயரில் விளக்கு இல்லை.

ஐயோ, போச்சு. எல்லாம் போச்சு.

அப்போது, ஜன்னல்கள் சாத்தி இருட்டாகக் கிடந்த ஹாலிலிருந்து குரல் வந்தது. "அம்மா, மாங்கா வேணும்."

கரண்ட் இல்லாமல். பெட்டிகளுக்கு நடுவே இருந்து. துல்லியமாக.

டாக்டர் ஹாலைத் தாண்டிப் பின்கட்டுக்கு ஓடினார். சுகிர்தா கட்டிலில் உட்கார்ந்து கலர் பென்சிலால் படம் வரைந்துகொண்டிருந்தாள். அவரைப் பார்த்துத் தலையைத் தூக்கினாள். வாய் அசைந்தது. அப்பா.

"அப்பா," என்றது ஹால்.

மண்டியிட்டார். ஸ்டெதாஸ்கோப்பைப் பிள்ளையின் நெஞ்சில் வைத்தார். நெஞ்சு ஏறியது, இறங்கியது. உடம்பு சூடு. வியர்வை. காதில் ஒன்றுமில்லை. இடம் மாற்றி வைத்தார். ஒன்றுமில்லை. முதுகில். ஒன்றுமில்லை. தன் நெஞ்சில் வைத்துப் பார்த்தார்.

அங்கேயும் ஒன்றுமில்லை.

"இந்தா, கொண்டாறேன்," என்று அடுக்களையிலிருந்து பாலம்மாளின் குரல். கத்தி பலகையில் விழுகிற சத்தம், டக், டக். எழுந்திருக்கிற சத்தம். வளையல். மாங்காய்த் துண்டுகளும் உப்பு மிளகாய்ப் பொடியும் வைத்த தட்டோடு அவள் நடைவழியில் போவது திறந்த கதவுக்குள் தெரிந்தது. பின்கட்டுப் பக்கம் அவள் திரும்பவே இல்லை. குரல் வந்த திசைக்குப் போனாள்.

"பாலம்மா! போகாதே!"

தொண்டை கிழியக் கத்தினார். நரம்பு புடைத்தது. வாய் பிளந்தது. அவர் கத்தியது அவருக்குக் கேட்டது, பின்கட்டில் அல்ல. ஹாலில். மகளின் குரலுக்குப் பக்கத்தில். அதுவும் கத்தலாக இல்லை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வருகிற நிதானமான குரலில்.

"பாலம்மா."

"அட, நீங்க எப்ப வந்தீங்க?" என்றாள் அவள். "ஸ்கூட்டர் சத்தமே கேக்கலையே. ரெண்டு பேரும் இப்படி இருட்டுக்குள்ள உக்காந்துக்கிட்டு என்ன ரகசியம் பேசுதீங்க?"

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். கதவு இடித்தது. நாற்காலி உருண்டது. எதற்கும் சத்தமில்லை. ஹால் வாசலில் வந்து நின்றார். பெட்டிகளுக்கு நடுவே, பாயின் ஓரத்தில், பாலம்மாள் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவர் நிற்பது அவளுக்கு முதுகுப்பக்கம். வலது பக்கம் திரும்பி ஒரு மாங்காய்த் துண்டை நீட்டினாள். கை வெறுமையாகத் திரும்பியது. இடது பக்கம் ஒன்று நீட்டினாள். அதுவும் வெறுமையாகத் திரும்பியது. நறுக், நறுக்கென்று இரண்டு வாய் மெல்லுகிற சத்தம் வெறும் பாயிலிருந்து வந்தது.

"கொஞ்சம் தள்ளித்தான் உக்காருங்களேன், எனக்கும் இடம் வேண்டாமா?" என்று சிரித்தபடி பாலம்மாள் பாயின் நடுவுக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். சுகிர்தா அப்பாவின் இடுப்பிலிருந்தபடியே இரண்டு கையையும் அம்மாவை நோக்கி நீட்டினாள். தட்டில் மிஞ்சியிருந்த துண்டைத் தன் வாயில் போட்டுக்கொள்ளப் பாலம்மாள் கையைத் தூக்கினாள். அரை டஜன் கண்ணாடி வளையல்களும் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரைக்கும் சரிந்து விழுந்து மோதிக்கொண்டன, சத்தமே இல்லாமல்.